ஸ்பானிஷ் 1 ஆன்லைனில் படிக்கிறேன், நான்காவது வாரத்திலேயே திணறல். தொடரலாமா, விட்டுவிடலாமா?

குமரிப்பெண், ஹூஸ்டன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். ஹூஸ்டனுக்கு வந்து 13 வருடம் ஆகிறது. ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. பாதியில் விட்ட டிகிரியை முடிக்கலாம் என்று இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். டிகிரிக்கு ஒரு வெளிநாட்டு மொழிப் பாடம் வேண்டும் என்றார்கள். எந்த மொழி என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ்தான்.

போன மாதம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனின் கன்னத்தைத் தொட்டுக் காட்டி "லே துவேலே லா முவேலா" என்று நாலு தடவை சொன்னார். துவேலே என்றால் வலி என்று கேட்டுக் கேட்டுப் பழக்கம். முவேலா என்றால் கடைவாய்ப்பல் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஸ்பானிஷ் தெரிந்த பெண் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை அந்தப் பாட்டி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாடம். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன்.

பாடம் எட்டே வாரம். நேரடி வகுப்பு கிடையாது. திங்கட்கிழமை பாடம் திறக்கும், ஞாயிறு நள்ளிரவோடு மூடிவிடும். வாரம் ஒரு தடவை இரண்டு நிமிடம் கேமரா முன்னால் ஸ்பானிஷில் பேசிப் பதிவேற்ற வேண்டும். இந்த வாரப் பதிவை 17 தடவை எடுத்து அழித்தேன். வீட்டுப்பாடத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர். எழுத்துக்கு மேலே போடும் சாய்கோடு விட்டுப்போனால் அந்த விடை முழுவதும் தப்பு. போன தேர்வில் 40 கேள்வியில் 11 அப்படியே போயிற்று.

எல்லாவற்றையும் விட இலக்கணம்தான் குழப்புகிறது. "இருக்கிறது" என்பதற்கு ஸேர், எஸ்தார் என்று இரண்டு வினை. நிரந்தரம் என்றால் ஸேர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் செத்துப்போனவருக்கு ஏன் எஸ்தார்? குஸ்தார் என்ற வினை "தலைகீழ் வினை"யாம். ஆங்கிலத்தில் அவர்கள் விளக்க விளக்க எனக்குச் சிக்கல்தான் கூடுகிறது.

விலகுவதற்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளி. இந்த மாதிரி ஆன்லைனில் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மேசைக்கணக்கு

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். மூன்று கிரெடிட் பாடம் என்றால், வழக்கமான 15 வார செமஸ்டரில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் ஆறு மணி நேரம் சொந்தப் படிப்பு என்று வைத்துக்கொள்வார்கள். மொத்தம் 135 மணி. அதையே எட்டு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம். வேலையும் வீடும் இருக்கிற எவருக்கும் இது பாரம்தான். திணறுவது உங்கள் குறை இல்லை.

அந்த 17 மணி கிடைக்குமா என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் விலகி, அடுத்த செமஸ்டரில் நீளமான வகுப்பில் சேருங்கள். மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் காட்டும் ஒரு 'டபிள்யூ' விழுவதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் விலகுவதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

ஸ்கார்பரோ வாசி

தங்கச்சி, விடாதீர்கள். நான் 52 வயதில் இதே மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் தொடக்க ஸ்பானிஷ் படித்தேன், இரண்டு தவணையாக. நான் லொறி ஓட்டுகிறவன். ஒன்டாரியோவின் தெற்கு மூலையில் லெமிங்டன் என்று ஓர் ஊர், கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் குடைமிளகாயும் விளைகிற இடம். அங்கே வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் மெக்சிகோக்காரர். பருவகாலத் தொழிலாளராக 1974 முதல் அங்கிருந்து வந்து போகிறார்கள். பெட்டி ஏற்றும்போது அவர்களோடு கதைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் தொடங்கினேன்.

முதல் தவணையில் உங்களைப் போலத்தான் முட்டுப்பட்டேன். பிறகு ஒரு நாள் புரிந்தது. அந்தப் பாடம் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்காகச் செய்தது. அவர்களுக்குக் கடினமான இடத்தை வளைத்து வளைத்து விளக்குகிறார்கள். அதில் பாதி எங்களுக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து ஆங்கில விளக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்பானிஷ் வசனத்துக்கும் கீழே தமிழை எழுதத் தொடங்கினேன்.

அந்தத் தலைகீழ் வினையைப் பாருங்கள். "மே குஸ்தா எல் கஃபே." மே என்றால் எனக்கு. குஸ்தா என்றால் பிடிக்கும். எனக்குப் பிடிக்கும் காப்பி. இதில் என்ன தலைகீழ்? "நான் காப்பியை விரும்புகிறேன்" என்றா வீட்டில் சொல்கிறோம்? உங்கள் பாட்டி சொன்னதும் இதே அச்சுத்தான். லே, அவனுக்கு. துவேலே, நோகிறது. லா முவேலா, கடைவாய்ப்பல். "அவனுடைய பல்" என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். "அவனுக்குப் பல் நோகிறது" என்று நாங்கள் சொல்வதுபோலவே சொல்லியிருக்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும். மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் "மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்".

அடுத்தது ஸேரும் எஸ்தாரும். நிரந்தரம், தற்காலிகம் என்கிற சூத்திரத்தைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். செத்தவர் திரும்பி வருவதில்லை, ஆனாலும் எஸ்தார். மணி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் மணி சொல்ல ஸேர். எஸ்தார் என்பது லத்தீனில் "நிற்பது" என்ற வினையிலிருந்து வந்தது. எங்கே நிற்கிறது, என்ன நிலையில் நிற்கிறது என்று சொல்வதற்கு அது. "அவர் டொக்டர்" என்று தமிழில் வினையே இல்லாமல் நிற்கிற இடத்தில் ஸேர் போடுங்கள். "டொக்டர் உள்ளே இருக்கிறார்" என்பதற்கு எஸ்தார். "களைப்பாக இருக்கிறேன்" என்பதற்கும் எஸ்தார்தான். ஆனால் "உயரமாக இருக்கிறார்" என்று நாங்கள் சொல்வதை ஸ்பானிஷ் ஸேரில் சொல்லும். அதற்கு நான் வைத்திருந்த உரைகல் இது: "உயரமானவர்" என்று மாற்றிச் சொன்னால் பொருள் அப்படியே நிற்கிறதா? நின்றால் ஸேர். "அழகானவள்" என்றால் "எஸ் போனீத்தா", "இன்றைக்கு அழகாக இருக்கிறாள்" என்றால் "எஸ்தா போனீத்தா". எல்லா இடத்திலும் இது பொருந்தாது. தொடக்கப் பாடத்துக்கு எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னும் ஒன்று இரண்டு வாரத்தில் மனிதரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'ஆ' போடு என்று ஒரு பாடம் வரும். ஆங்கிலப் பிள்ளைகள் அதில் திண்டாடுவார்கள். "புஸ்கோ த்ரபாஹோ", வேலை தேடுகிறேன். "புஸ்கோ ஆ மி மாத்ரே", அம்மாவைத் தேடுகிறேன். வேலைக்கு 'ஐ' இல்லாமல் சொல்லலாம். அம்மாவுக்கு 'ஐ' இல்லாமல் சொன்னால் அம்மா அல்லவா தேடுகிறார் என்று ஆகிவிடும்! உயர்திணை, அஃறிணை என்று சின்ன வகுப்பில் படித்தது ஸ்பானிஷில் வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

உச்சரிப்புக்கு ஸ்பானிஷை ஆங்கிலக் காதோடு கேட்காதீர்கள். அவர்களுடைய 'டி' (T) எழுத்தின் ஒலி எங்கள் த, ஆங்கிலத்து ட இல்லை. தோதோ என்றால் "எல்லாம்". அதைத் தமிழ் எழுத்தில் எழுதித் தமிழாகவே வாசியுங்கள். முதல் த வலிந்தும் இரண்டாவது த, "அது" என்பதில் வருவதுபோல மெலிந்தும் தானாக வரும். ஸ்பானிஷ்காரர் சொல்வதும் அப்படித்தான். ஞவும் அங்கே உண்டு. பெரோ என்றால் "ஆனால்", அதே சொல்லில் ரகரத்தை உருட்டினால் "நாய்". ரகரம், றகரம் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிற பழக்கம் உங்கள் குமரிப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது. "அறம்" என்பதில் வருகிற அந்த ற-வை இன்னும் கொஞ்சம் நீளமாக உருட்டுங்கள், நாய் வந்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மேசை பெண், புத்தகம் ஆண் என்பதை எங்கள் மூளை இலகுவில் ஏற்காது. சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், "லா மேசா", "எல் லீப்ரோ" என்று முன்னொட்டோடு சேர்த்தே வாயில் போடுங்கள். ஓ-வில் முடிகிற கை பெண்பால், "லா மானோ". ஆ-வில் முடிகிற நாள் ஆண்பால், "எல் தீயா". இதற்குக் குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு கொப்பி முழுக்க எழுதித்தான் பாடமாக்கினேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு சலுகை உண்டு. போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை எங்களை ஆண்டபோது விட்டுப்போன சொற்களை இன்னும் வைத்திருக்கிறோம். குசினி, பாண், சப்பாத்து, அலுமாரி. போர்த்துக்கேய மொழிக்கு ஸ்பானிஷ் பக்கத்து உறவு. அங்கே கொசீனா, பான், ஸபாத்தோ, ஆர்மாரியோ. உங்கள் பக்கத்திலும் மேசை இருக்கிறதே, அது மேசாவேதான்.

பேசுகிற பதிவுக்கு மட்டும் ஒரு சொல். எழுதி வைத்து வாசிக்காதீர்கள். கண் பேப்பரில் ஓடுவது ஆசிரியருக்குத் தெரியும், வசனமும் செத்துப்போகும். நாலே சொல்லைத் துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, யாரோ ஒரு ஆளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். நான் லொறியின் முன் இருக்கையில் இருந்துதான் பதிவு செய்தேன். உங்களுக்கு அந்தப் பாட்டி இருக்கிறார், அவருக்குச் சொல்லுங்கள்.

---

தட்டச்சு

சாய்கோட்டுக்காக மட்டும் எழுதுகிறேன். 11 மதிப்பெண்ணை அதற்கு இழக்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் என்றால் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், அமெரிக்கப் பன்னாட்டு விசைப்பலகையைச் சேருங்கள். ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தி உடனே உயிரெழுத்தை அழுத்தினால் சாய்கோடு விழும். அலைக்குறி, அப்புறம் ஆங்கில 'என்' (N) எழுத்து என்று அழுத்தினால் ஞகரம். மேக் என்றால் ஆப்ஷன் விசையோடு ஆங்கில 'இ'-யை (E) அழுத்திவிட்டு உயிரெழுத்து.

கம்ப்யூட்டர் கறாராகத் திருத்துகிறது என்று வருத்தப்படாதீர்கள், அந்தக் கோடு வெறும் அலங்காரம் இல்லை. பாபா என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் உருளைக்கிழங்கு, கடைசி அசையில் விழுந்தால் அப்பா. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது அந்தக் கோடு மட்டும்தான்.

---

குமரிப்பெண், ஹூஸ்டன்

மூன்று பேருக்கும் நன்றி. அண்ணா, உங்கள் பதிலை நேற்று இரவு மூன்று தடவை வாசித்தேன். "அம்மாவைத் தேடுகிறேன்" வாசித்துவிட்டு என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

நேரக் கணக்கு சரிதான். வாரத்துக்கு 12 மணிதான் எனக்குக் கிடைக்கிறது. கிளினிக்கில் சனிக்கிழமை வேலையை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன், ஒரு மாதத்துக்குச் சரி என்றார்கள். அதனால் விலகவில்லை. சம்பளம் குறையும், பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலை பதிவை முடித்தேன், மூன்றாவது தடவையிலேயே. "தெங்கோ குவாரெந்தா இ உன் ஆஞோஸ்" என்று ஆரம்பித்தேன். வயதைச் சொல்ல அவர்களுக்கு "எனக்கு இத்தனை ஆண்டு உண்டு" என்ற மாதிரி. அப்புறம் பாட்டியிடம் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டானா. கடந்த காலம் இன்னும் பாடத்தில் வரவில்லை, அதனால் "சாப்பிட்டானா" என்பதை "சாப்பிடுகிறானா" என்று மாற்றிக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். பாட்டியிடம் தூ என்பதா, உஸ்தேத் என்பதா? புத்தகத்தில் எல்லாம் தூ என்றே வருகிறது.

---

ஸ்கார்பரோ வாசி

உஸ்தேத். யோசிக்கவே வேண்டாம். தூ என்பது நீ, உஸ்தேத் என்பது நீங்கள். உங்கள் வகுப்பில் எல்லோரும் 18, 19 வயது, ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகத்தான் தூ. உஸ்தேத் போட்டால் வினை "அவர்" என்பதற்கு வருகிற மாதிரி வரும், அதில் மட்டும் கவனம். பழைய மரியாதைத் தொடர் ஒன்று, "உங்கள் கருணை" என்ற பொருளில் இருந்தது, தேய்ந்து உஸ்தேத் ஆகியிருக்கிறது. அதனால்தான் படர்க்கை வினை.

சின்னப் பையனுக்குத் தூ போதும். "தே துவேலே?" என்று பையனைக் கேளுங்கள், பாட்டியைக் கேட்கும்போது "லே துவேலே?".

---

தட்டச்சு

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கேமரா கண்காணிப்போடு தேர்வு எழுதும்போது சில பூட்டு மென்பொருள்கள் விசைப்பலகையை நடுவில் மாற்ற விடாது. தேர்வைத் திறப்பதற்கு முன்பே பன்னாட்டு விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கும் முன்கூட்டியே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி அனுமதி வாங்கி வையுங்கள்.