பழைய சுவிஸ் வாச்சு: மனசுல இன்னும் உறுத்துற அனுபவம் இருந்தா எழுதுங்க

மல்லியப்பு மைந்தன்:
தாத்தாவோட ஓமேகா வாச்சு. உள்ள 30 மில்லிமீட்டர் மெஷின், சாவி குடுக்கிறது, செகண்ட் முள்ளு கீழ தனி வட்டத்துல. தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனப்ப தோட்டத்து துரை குடுத்தது, பின்மூடியில தாத்தா பேரு, தோட்டத்துப் பேரு, 1959னு இங்கிலீஷ்ல வெட்டி இருக்கும். ஓட்டம் பிந்துதுனு டவுன்ல ஒரு கடையில குடுத்தேன். சர்வீஸ் மட்டும் பண்ணுங்க, கேஸ்ல, அதான் வெளிக்கூட்டுல, கை வைக்காதீங்கனு ரெண்டு தடவ சொல்லித்தான் குடுத்தேன். எடுக்கப் போனா அந்த ஐயா ஒரு மஞ்சத் துணியில வச்சு ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. "பாருங்க தம்பி, பாலிஷ் போட்டு அப்படியே புதுசாக்கிட்டேன், அதுக்குக் காசு வேணாம்"ங்கிறாரு, மொகம் பூரா சந்தோஷம். திருப்பிப் பாத்தா மூடியில என் மொகம் தெரியுது, எழுத்தக் காணோம். லைட்டுக்கு சாச்சு சாச்சுப் பாத்தா அந்த 5 மட்டும் மேல் வளைவு ஒரு நூல் அளவு தெரியுது. எனக்கு வாயே வரல. அந்த சந்தோஷத்தப் பாத்துட்டு எப்படித் திட்டுறது? சர்வீஸ் காசக் குடுத்துட்டு வந்துட்டேன். ஓட்டம் இப்ப ஜோராத்தான் இருக்கு, அதுதான் இன்னும் கடுப்பு.

பண்டாரவளை பையன்:
அண்ணே டயல் தப்பிச்சுதே, அதுக்கு சந்தோஷப்படுங்க. நம்ம ஞாயித்துக்கெழம சந்தையில ஒருத்தர் சாக்கு விரிச்சு வாச்சு போட்டிருந்தாரு. அதுல ஒரு பேவர் லூபா சீ கிங், டயல் பளபளனு நீலம். லென்ஸ் வச்சுப் பாத்தா எழுத்து தடிச்சுப் போயிருக்கு, நிமிஷக் கோடு ஒண்ணும் மணிக் கட்டையோட நேரா வரல, 6க்குக் கீழ ஸ்விஸ் மேட் இல்லவே இல்ல. பழைய டயலுக்கு மும்பையில புதுசா பெயிண்ட் அடிச்சு வாற சாமான்தான், உங்களுக்குத் தெரியும். பக்கத்துல வயசான ஒருத்தர் அதக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டு நின்னாரு. ஐயா இது டயல் மாத்தி எழுதினது, அந்த விலைக்கு வேணாம்னு மெதுவாச் சொன்னேன். அவரு என்னப் பாத்து, "என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது இதே பேருதான் தம்பி, அது அடகுல போயிருச்சு"னு சொல்லிட்டு பேரம் கூடப் பேசாம எண்ணிக் குடுத்துட்டாரு. நான் அவருகிட்ட சொன்னது சரியா தப்பானு இன்னைக்கும் தெரியல.

கொட்டகலை கோபி:
இந்த ஒரிஜினல் பைத்தியம் எனக்குப் புரியல. 70லருந்து 77 வரைக்கும், சிறிமா ஆட்சியில இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தப்ப, இலங்கைக்கு வெளிநாட்டு சாமான் வாறதே குதிரக்கொம்பு, பார்ட்ஸுக்கு எங்க போவாங்க? நம்ம வாச்சு பாஸ்மார், அதான் வாச்சு திருத்துறவங்க, ஒரு செத்த வாச்சக் கழட்டி இன்னொண்ணுக்கு உசுரு குடுத்தாங்க. எங்கப்பாவோட ரோமர்ல வைண்டர் வேற கம்பெனி, கண்ணாடி எதுலருந்தோ வெட்டிப் போட்டது, முப்பது வருஷம் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, கட்டிட்டுப் போனாரு. அதப் போய் டூப்பு கலப்படம்னு சொல்றவன் கொழும்புல ஏசி ரூம்ல இருந்து எழுதுறவன். மல்லியப்பு அண்ணே, அந்த ஐயா நல்ல மனசோடதான் செஞ்சிருக்காரு.

மல்லியப்பு மைந்தன்:
மனசப் பத்தி நான் பேசவே இல்ல கோபி. வேணாம்னு சொன்னத செஞ்சாரு, அவ்வளவுதான்.

நுவரெலியா பனி:
சீசன் டைம்ல ரேஸ் பாக்கப் போயி மழையில நனஞ்சு என் டிசோ கண்ணாடிக்கு உள்ள ஆவி கட்டிருச்சு. மறுநாள் போயிருச்சுனு நானும் விட்டுட்டேன், அப்புறம் தொறந்தா சாவித் தண்டு பூரா துரு. சரி அத விடுங்க, இங்க எல்லாருக்கும் சொல்றேன். நம்ம ஊரு 1868 மீட்டர் உயரம், வருஷம் பூரா ஈரம், பழைய வாச்சோட ரப்பர் வாஷர் கல்லாப் போயிருக்கும், வாட்டர்ப்ரூப்னு மூடியில எழுதி இருக்கிறத நம்பாதீங்க, அது அந்தக் காலத்துப் பேச்சு. கண்ணாடியில ஆவி தெரிஞ்சா அரிசிக்குள்ள பொதைக்காதீங்க, மூடியத் தொறக்காம ஈரம் வெளிய வராது, அன்னைக்கே பாஸ்கிட்ட குடுங்க. ஹேர்ஸ்பிரிங்ல, அதான் பேலன்ஸ் சக்கரத்த ஆட்டுற மயிரிழைச் சுருள்ல, ஒரு புள்ளி துரு விழுந்தாலும் டைம் சரியாக் காட்டாது. டப்பாவுல சிலிக்கா ஜெல் போடுங்க, மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. சுடுதண்ணியில குளிக்கிறப்ப கழட்டி வைங்க, தேதி காட்டுற வாச்சுனா ராத்திரி 9க்கும் காலைல 3க்கும் நடுவுல தேதியத் திருப்பாதீங்க, பல்லு போயிரும். இன்னொண்ணு, 60க்கு முந்தின வாச்சுல இருட்டுல மின்னுற பச்சப் பூச்சு பெரும்பாலும் ரேடியம். இப்ப மின்னலனு பாத்து செத்துப்போச்சுனு நெனச்சுக் கீறாதீங்க, மின்னுற மருந்துதான் கெட்டது, ரேடியத்துக்குப் பாதி கொறையவே 1600 வருஷம் வேணும், அந்தத் தூள் மூச்சுல போகக் கூடாது. டயல்ல கீழ இங்கிலீஷ் T எழுத்து இருந்தா அது ட்ரிட்டியம், அதுக்கு 12 வருஷம்தான், பயம் கொறவு. சர்வீஸ் நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா, ஓடுதேனு விட்டா எண்ணெய் காஞ்சு சக்கரத்தோட அச்சு முனை (பிவட்) தேஞ்சிரும்...

பதுளை முத்து:
பனி அண்ணே, யாரு கேட்டா இத்தனையும் 😄 ஆனா ரேடியம் மேட்டர் நல்லது.
நம்ம கத வேற. அப்பாவோட டிட்டோனி வாச்சு, அதான் டயல்ல பூப் போட்டது, திடீர்னு நாளைக்கு அரை மணித்தியாலம் முந்த ஆரம்பிச்சுருச்சு. ஒரு கடையில மெயின்ஸ்பிரிங், பேலன்ஸ் ரெண்டும் போச்சு, பதினெட்டாயிரம் ஆகும்னாங்க. இன்னொரு பாஸ்கிட்ட போனேன், படிக்கட்டுக்குக் கீழ ஒரு மேச, அவ்வளவுதான் கட. மூடியத் தொறக்கவே இல்ல மனுசன். லாச்சியில இருந்து ஸ்கூல் புள்ளைங்க வச்சிருக்கிற சின்ன திசைகாட்டிய எடுத்து வாச்சு மேல வச்சாரு, முள்ளு நடுங்குது பாருங்க, பேலன்ஸ் போயி வாறதுக்கு ஒத்த தாளத்துல. "காந்தம் புடிச்சிருக்கு மகன், ஸ்பீக்கர் மேல வைக்கிறீங்களா"ங்கிறாரு. வீட்ல டீவி பக்கத்து ஸ்பீக்கர் மேலதான் அப்பா ராத்திரி கழட்டி வைப்பாரு! கம்பி சுத்தின ஒரு பெட்டிக்குள்ள விட்டு, சுவிட்ச அமத்திப் புடிச்சுக்கிட்டே மெதுவா இழுத்தாரு. திரும்ப திசைகாட்டிய வச்சா முள்ளு அசையல. காசு வாங்கல, டீ வாங்கிக் குடுங்கனாரு. அந்தப் பதினெட்டாயிரம் கேட்ட ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்? அதுதான் எனக்கு ஆறல.

கொட்டகலை கோபி:
தெரியும், நல்லாவே தெரியும். மல்லியப்பு அண்ணே, இந்த மாதிரி பாஸ்கிட்ட குடுத்து தாத்தா பேர அதே எடத்துல திரும்ப வெட்டிருங்க, முடிஞ்சுது.

பண்டாரவளை பையன்:
வேணவே வேணாம். பாலிஷ்ல மூடி ஏற்கனவே மெலிஞ்சிருக்கும், அதுக்கு மேல வெட்டினா அதுவும் அந்த நீல டயல் கததான். மூடிக்கு உள்பக்கம் பாருங்க, முன்னாடி சர்வீஸ் பண்ணின பாஸ்மார் ஊசியால தேதி, நம்பர்லாம் கீறி வச்சிருப்பாங்க, பாலிஷ் மெஷின் அங்க போகாது.

மல்லியப்பு மைந்தன்:
வெட்டுறதா வேணாமானு யோசிக்கல. முத்து, அந்தப் படிக்கட்டு எந்தத் தெருவுல? அடுத்த சர்வீஸுக்கு பதுளைக்கே ரயில் கோச்சி ஏறி வாறேன்.

பதுளை முத்து:
இன்பாக்ஸ் பாருங்கண்ணே. போயா லீவு (பௌர்ணமி) அன்னைக்கு மட்டும் வந்துராதீங்க, பூட்டியிருக்கும்.