18 நாளில் மெல்பர்ன் – டார்வின் – மெல்பர்ன், கேரவனில் முடியுமா?

திருச்சிக்காரன் (மெல்பர்ன்)

வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறையோட கொஞ்சம் லீவு சேர்த்து 18 நாள் கையில இருக்கு. நான், மனைவி, 9 வயசிலும் 6 வயசிலும் ரெண்டு பசங்க, ஊர்லேருந்து வந்திருக்கிற அம்மா (68 வயசு, முழங்கால் வலி). பங்க் படுக்கை இருக்கிற கேரவன் ஒண்ணு வாடகைக்கு எடுத்து எங்க கார்ல இழுத்துட்டுப் போகலாம்னு திட்டம். அடிலெய்டு, கூபர் பீடி, உலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின், அப்புறம் அதே வழியில திரும்பல். மேப்ல கூட்டிப் பார்த்தா 8,000 கிலோமீட்டர் வருது. நாளைக்கு 600 ஓட்டினா 14 நாள் ஓட்டம், மீதி ஓய்வு.

இதுவரைக்கும் கேரவன் இழுத்ததில்லை. அம்மா ஊர்ல காலண்டர்ல பார்த்த அந்தச் சிவப்பு மலையை (உலுரு) பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. போய் வந்தவங்க சொல்லுங்க: இது நடக்குமா? சமையல், தண்ணி எப்படி? ராத்திரி அம்மாவுக்கு பாத்ரூம்?

புட்டுக்குழல் (அடிலெய்ட்)

தம்பி, டார்வினை இந்த முறை விடுங்கோ. கரவனோட உலுரு போறதையும் விடுங்கோ. கூபர் பீடியோட திரும்புங்கோ. ஏன் சொல்லுறன் எண்டதை ஆறுதலா வாசியுங்கோ.

2016 இல நானும் இவரும் உங்களை மாதிரித்தான் கணக்குப் போட்டு வெளிக்கிட்டனாங்கள். போர்ட் ஒகஸ்டாவில இருந்து கூபர் பீடி 540 கிலோமீட்டர், ஒரே நாளில ஓடிடலாம் எண்டு நினைச்சம். காரில மட்டும் போனால் ஓடலாம். பின்னால இரண்டரைத் தொன் இழுத்துக்கொண்டு, எதிர்க்காத்தில, மணிக்கு 90க்கு மேல போகேலாது. பிள்ளைகள் இல்லாத எங்களுக்கே தேத்தண்ணி, மூத்திரம், எண்ணெய் அடிக்கிறது எண்டு இரண்டு மணித்தியாலம் போயிட்டுது. ஜூலையில அங்க ஆறு மணிக்கே இருட்டு. க்ளெண்டம்போ தாண்டினால் கூபர் பீடி வரைக்கும் 250 கிலோமீட்டருக்கு ஒரு பெற்றோல் செட் இல்லை, வீடு இல்லை. அந்த இடைவெளிக்குள்ளதான் எங்களுக்கு இருட்டுப்பட்டது. ஒரு கங்காரு குறுக்கால பாய்ஞ்சது. பாரமான கரவனோட பிரேக்கை மிதிச்சாலும் நிக்காது, ஸ்டியரிங்கை வெட்டினால் பிரண்டு போவம். அடிச்சுப்போட்டம். அந்தச் சீவன் உடன சாகேல்லை. இவர் இண்டைக்கும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். எங்கட அவசரத்தில போன உயிர் எண்டுதான் நானும் நினைக்கிறன்.

ரேடியேற்றர் உடைஞ்சு, இழுவை வாகனம் வந்து, க்ளெண்டம்போவில இரண்டு நாள் காத்திருந்தம். அங்க பார்க்க ஒண்டும் இல்லை எண்டு எல்லாரும் சொல்லுவினம். ரோட்ஹவுஸ், எண்ணெய்த் தாங்கி, கல்லுப் பரந்த வெளி, அவ்வளவுதான். கதிரையைப் போட்டு இருந்தம். முதல் நாள் பின்னேரம் ஆப்பு வால் கழுகு ஒண்டு தார் ரோட்டில இறங்கி, அடிபட்டுக் கிடந்ததைத் தின்னுறதை ஒரு மணித்தியாலம் பார்த்தன். ரோட் ட்ரெயின் (பல பெட்டிகளை இழுக்கிற நீள லொறி) வந்தால் எழும்பி, அது போகப் பிறகு திரும்ப வந்து குந்தும். இரண்டாம் நாள் விடிய கொஞ்சம் தூறினது. காய்ஞ்ச மண்ணில இருந்தும் உப்புப் பற்றையில இருந்தும் எழும்பின மணம், வன்னியில முதல் மழைக்கு வாற மணத்துக்குக் கிட்ட வந்தது. 600 கிலோமீட்டர் ஓடுற நாளில கண்ணாடியைத் திறந்தே பார்த்திருக்கமாட்டன்.

2022 இல திரும்பப் போனனாங்கள். அடிலெய்டில இருந்து டார்வின் போய் வர 11 கிழமை எடுத்தம். நாளுக்கு 250, 300. பின்னேரம் 3 மணிக்கு எங்க நிக்கிறமோ அங்க கரவன் கால் இறக்கியாச்சு. இரண்டு நாள் ஓடினால் ஒரு நாள் ஓட்டம் இல்லை. இவருக்கு நாரிப்பிடிப்பு வரேல்லை, எனக்குச் சண்டை பிடிக்க ஒண்டும் இருக்கேல்லை.

உங்கட 18 நாளுக்கு நான் போடுற கணக்கு: ஸ்டாவெல், போர்டர்டவுன், அடிலெய்ட், குவோர்ன் எண்டு ஒவ்வொரு இரவு. அதுக்குப் பிறகு ஃப்ளிண்டர்ஸ் மலைக்குள்ள வில்பீனாவில மூண்டு இரவு. போர்ட் ஒகஸ்டா, க்ளெண்டம்போ ஒவ்வொண்டு. கூபர் பீடியில மூண்டு. திரும்பி வாற வழியிலயும் க்ளெண்டம்போ, போர்ட் ஒகஸ்டா, அடிலெய்ட், போர்டர்டவுன், ஸ்டாவெல். 17 இரவு. எந்த நாளும் ஏறக்குறைய 340ஐத் தாண்டாது. அவ்வளவும் தார் ரோட்டு. வாடகைக் கரவனை மண் ரோட்டில இறக்கக்கூடாது எண்டு ஒப்பந்தத்தில பெரும்பாலும் இருக்கும், அதைப் பாருங்கோ.

குவோர்னில இருந்து ஹோக்கர் போற ரோட்டை மட்டும் ஓடிக் கடந்து போகாதேங்கோ. இரண்டு பக்கமும் கூரையில்லாத கல்வீடுகள் நிக்கும். 1865 இல ஜோர்ஜ் கொய்டர் எண்ட அளவையாளர், இதுக்கு வடக்கால மழையை நம்பி விதைக்கேலாது எண்டு தெற்கு அவுஸ்திரேலியாவில ஒரு கோடு கீறினவர். 1870களில சில வருசம் நல்ல மழை பெய்ய, சனம் கோட்டைத் தாண்டி வந்து கோதுமை விதைச்சது. பிறகு வானம் பொய்ச்சுது. வீட்டை அப்பிடியே விட்டிட்டுப் போனவை. ஒரு வீட்டில அடுப்படிப் புகைக்கூண்டு மட்டும் நிண்டது. கூரையில்லாத வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். வாசல்படியில கொஞ்ச நேரம் இருந்திட்டுத்தான் வந்தன். வானம் பார்த்த பூமி எண்டால் என்னெண்டு உங்கட அம்மாவுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவவைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கோ.

செம்மண் தரை (ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்)

அக்கா சொன்ன வேகம் சரி. ஆனா உலுருவை விடச் சொன்னதை ஏத்துக்க முடியல. 68 வயசு அம்மா திரும்ப எப்ப வருவாங்க? கேரவன்ல வேணாம், சரி. உலுரு பக்கத்து ஊரான யுலாராவிலேயே விமான நிலையம் இருக்கு. கேரவனைத் திருப்பிக் கொடுத்த பிறகோ, வேற ஒரு வாரத்திலோ, அம்மாவை மட்டுமாவது மூணு ராத்திரி கூட்டிட்டு வாங்க. மலை 348 மீட்டர் உயரம். மேல ஏறுறது 2019 அக்டோபர் 26லேருந்து நிறுத்தியாச்சு, அந்த மண்ணோட பூர்வகுடிகளான அனங்கு மக்கள் ரொம்ப வருஷமா கேட்டது அது. கீழ சுத்தி வர 10 கிலோமீட்டருக்கு மேல, அம்மாவால முடியாது. ஆனா முடிஜுலு நீர்ச்சுனைக்குப் போற பாதை போக வர ஒரு கிலோமீட்டர்தான், சமதளம், சக்கர நாற்காலியே போகும். அங்க உட்காரப் பலகை இருக்கு. காலையில எட்டு மணிக்குப் போனா பறவைச் சத்தம் மட்டும்தான். மலையைக் கையெட்டும் தூரத்தில பார்ப்பாங்க. சில பக்கங்களைப் படம் எடுக்கக் கூடாதுன்னு பலகை வெச்சிருப்பாங்க, அதை மதிங்க.

இழுக்கறதைப் பத்தி ரெண்டு விஷயம். கேரவனோட மொத்த எடையை உங்க கார் இழுக்குமான்னு கார் புத்தகத்தில பாருங்க, வாடகைக்காரர் சொல்றதை மட்டும் நம்பாதீங்க. கொக்கி மேல இறங்குற எடை மொத்தத்தில பத்தில் ஒரு பங்கு இருக்கணும். சாமானெல்லாம் பின்னாடி அடுக்கினா வண்டி பாம்பு மாதிரி ஆடும். ஆட ஆரம்பிச்சா கார் பிரேக்கைத் தொடாம ஆக்சிலரேட்டரை விட்டுட்டு, கேரவன் பிரேக்கை மட்டும், காருக்குள்ள இருக்கிற அதோட கட்டுப்பாட்டுப் பெட்டியில, கையால இயக்குங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு காலி மைதானத்தில அரை நாள் ரிவர்ஸ் பழகுங்க.

ரோட் ட்ரெயின் 53 மீட்டர் வரை நீளம். அது உங்களை முந்தும்போது வேகத்தைக் கூட்டாதீங்க, பாதையை விட்டு விலகாதீங்க, நேரா பிடிச்சு நிதானமா ஓட்டுங்க. அது பாதி தாண்டின பிறகு காலை எடுத்தா போதும். வண்டிக்கு வண்டி பேசுற யூ.ஹெச்.எஃப். ரேடியோ ஒண்ணு வாங்கிக்குங்க. லாரிக்காரங்க 40ஆம் சேனல்ல பேசுவாங்க. வண்டி நின்னுட்டா, எவ்வளவு நேரம் ஆனாலும் வண்டியை விட்டு நடந்து போகாதீங்க.

திருச்சிக்காரன் (மெல்பர்ன்)

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. கங்காரு விஷயத்தைப் படிச்சுட்டு மனைவி அந்த 600 கிலோமீட்டர் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. கூபர் பீடியோட திரும்பறோம். செப்டம்பர்ல அம்மாவும் நானும் விமானத்தில யுலாரா. கூபர் பீடி அம்மாவுக்குச் சரிப்படுமா? சமையல், பாத்ரூம் பத்தியும் கொஞ்சம் சொல்லுங்க அக்கா.

புட்டுக்குழல் (அடிலெய்ட்)

செம்மண் தரை, நீங்கள் சொன்னது சரி. அந்தச் சுனைப் பாதை எனக்கு நினைவில வரேல்லை. அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.

கூபர் பீடி அவவுக்கு நல்லாச் சரிவரும். ஓபல் எண்ட மணிக்கல் தோண்டுற ஊர் அது, சனம் நிலத்தைக் குடைஞ்சு வீடு வைச்சிருக்கினம். நிலத்துக்குக் கீழ எண்டால் படி இறங்கிறது எண்டு நினைக்கவேண்டாம். பெரும்பாலும் குன்றின்ர பக்கத்தில வாசல் வெட்டி, நேர உள்ளுக்கு நடந்து போறதுதான். வெளியில வெயிலோ குளிரோ, உள்ளுக்கு ஏறத்தாழ ஒரே சூடு. கத்தோலிக்கத் தேவாலயம் கூட அப்பிடிக் குடைஞ்சதுதான். 1915 இல 14 வயதுப் பெடியன் ஒருத்தன் அங்க முதல் ஓபல் கண்டெடுத்தவன் எண்டு உங்கட மூத்தவருக்குச் சொல்லுங்கோ, பிறகு அவர் நிலத்தில இருந்து தலை நிமிர்த்தமாட்டார். ஆனால் பிள்ளைகளின்ர கையை விடாதேங்கோ. மூடாத சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில இருக்கு. படம் எடுக்கிறதுக்கு எண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடக்கவே கூடாது.

சாப்பாடு: மெல்பேணில பச்சை மிளகாய், தக்காளி, மாம்பழம் எண்டு அள்ளிக்கொண்டு வராதேங்கோ. பழ ஈ எண்ட பூச்சி பரவாமல் இருக்கத் தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள்ள அதுகள் கொண்டுவாறது தடை. எந்த ரோட்டால வந்தாலும் சட்டம் ஒண்டுதான். அடிலெய்டில ஒரு இரவு வைச்சதே எங்கட கடைகளில வாங்கத்தான். வடக்கால போகப்போக மரக்கறி விலை ஏறும். அரிசிமாவை வறுத்துக் கொண்டு போங்கோ, புட்டுக்குத் தண்ணியும் கொஞ்சம், காஸும் கொஞ்சம். சோறு வடிக்கிற தண்ணியை ஊத்தாமல் சட்டி கழுவ வையுங்கோ. தாங்கித் தண்ணி கழுவ மட்டும், குடிக்க 20 லீற்றர் கான் இரண்டு வேற. சில இடங்களில குழாய்க்கிணத்துத் தண்ணி உப்பு, அதில தேத்தண்ணி போட்டால் பால் திரையும்.

ராத்திரிக்குக் கரவனுக்குள்ளயே கழிப்பறை இருக்கிறதாப் பார்த்து எடுங்கோ. அதின்ர கழிவு சேருற பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா அதுக்கெண்டு உள்ள இடத்தில கொட்டிக் கழுவவேணும். முதல் முறை அருவருப்பா இருக்கும், பிறகு பழகிடும். நான் முப்பது வருசம் தாதி, எனக்குக் கஷ்டமா இருக்கேல்லை. கரவன் படி உயரம், முழங்காலுக்கு அது ஆகாது. அகலமான சின்னப் பிளாஸ்டிக் படி ஒண்டு வாங்கிக் கீழ வையுங்கோ, கைப்பிடி எந்தப் பக்கம் எண்டு எடுக்க முன்னம் அவவையே ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கோ.

வில்பீனாவில இரவில பூச்சியத்துக்குக் கீழயும் போகும். படுக்க முன்னம் கேத்திலில தண்ணி நிரப்பி வையுங்கோ, விடியக் குழாய் உறைஞ்சிருந்தாலும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கிடைக்கும்.