புதுப்பிப்பு: பெங்களூரு வேலைக்குப் போகவில்லை

சென்னையில் கைக்கு 85,000 வருகிறது, பெங்களூரில் 1,20,000 தருகிறார்கள், குடும்பத்தோடு போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "யோசிக்காம கிளம்புங்க" என்றீர்கள். போகவில்லை என்று முடிவெடுத்துவிட்டோம்.

நேரில் போய் வீடு பார்த்தோம். பெல்லந்தூர் பக்கம் டூ பெட்ரூம் வீடு, வாடகை 40,000, மெயின்டனன்ஸ் தனி. ஆதம்பாக்கத்தில் இப்போது கொடுப்பது 17,000. அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, 2,40,000 மொத்தமாக வைக்க வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்களாம். சமையலறைக் குழாய்மேல் 'லாரித் தண்ணீர், குடிக்க வேண்டாம்' என்று ஒட்டியிருந்தது. 2024 கோடையில் தண்ணீருக்கு அந்த ஊர் பட்ட பாடு தெரியும். 2019-ல் சென்னையில் நாமும் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள்தானே.

எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) மேல் வருமான வரி விலக்கு கிடைக்குமே என்று ஒருவர் சொன்னார். நான் இருப்பது புதிய வரி முறையில். அதில் அந்த விலக்கு கிடையாது.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். என் மனைவி இங்கே பள்ளி ஆசிரியை, 28,000 சம்பளம். ஊர் மாறினால் அது நின்றுவிடும். கூடுதலாக வரும் 35,000-ல் வாடகை வித்தியாசமே 23,000 போய்விடுகிறது, பிறகு என்ன மிஞ்சும்? அதைவிட, வருடக்கணக்கில் பாடுபட்டு அவள் பிடித்த இடம் அது. என் சம்பளத்துக்காக அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த நிறுவனத்துக்கு இங்கே சென்னையில், தரமணியில் கிளை இருக்கிறது. அங்கிருந்தே வேலை பார்க்கவிட்டால் 1,00,000-க்கே வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.