டாலர் விலை நகராமல் நிற்கும் ஷீட்: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர் கணக்காளர்

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் காஸ்டிங் ஷீட், அதாவது ஆர்டருக்கான செலவுக் கணக்கு, தயாரிப்பது என் வேலை. நூல், நிட்டிங், சாயம், தையல் கூலி, பேக்கிங் எல்லாம் ரூபாயில் வரும். கடைசி வரியில்தான் டாலர். அந்த வரியில் டாலருக்கு ஐம்பது பைசா பிசகினால், ஒரு லட்சம் டாலர் ஆர்டரில் ஐம்பதாயிரம் ரூபாய் கணக்கு மாறிவிடும். அதனால் டாலர் விலையைக் கையால் அடிப்பதை நிறுத்திவிட்டு, கூகுள் ஷீட்ஸில், இணையத்திலிருந்து விலையைத் தானே எடுத்துவரும் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா போட்டு வைத்திருந்தோம். அந்த விலை 20 நிமிடம் வரை தாமதமாகலாம் என்று கூகுளே எழுதியிருக்கிறது. காஸ்டிங்குக்கு அது போதும்.

சென்ற சீசனில் மெர்ச்சண்டைசிங் பிரிவு தயாரித்த விலைப்பட்டியல் என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தது. அதிலிருந்த டாலர் விலையும் என் திரையில் இருந்த டாலர் விலையும் ஒத்துப்போகவில்லை. ஷீட் ஒன்றுதான், கட்டமும் ஒன்றுதான். அவர்கள் இணைய இணைப்பைப் பார்த்தார்கள், கோப்பை மூடித் திறந்தார்கள், மறுபடி கணக்கிடச் சொல்லும் எஃப்9 விசையை அழுத்திப் பார்த்தார்கள். எண் அசையவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

அவர்கள் மேசைக்குப் போய் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையைப் படித்தேன். தொடக்கத்தில் இஃப்எரர். அதனுள்ளே டம்மிஃபங்ஷன் என்ற ஒரு சொல். அதற்கும் உள்ளே, எங்கள் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா மேற்கோள் குறிகளுக்குள் வெறும் எழுத்தாகக் கிடந்தது. கடைசியாக ஒரு காற்புள்ளி, அதன் பிறகு ஓர் எண். திரையில் தெரிந்த டாலர் விலை அந்த எண்தான்.

யாரோ ஷீட்டை எக்செல் கோப்பாகப் பதிவிறக்கி, அந்த நகலிலேயே வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். எக்செல்லுக்குத் தெரியாத ஃபங்ஷன்கள் பதிவிறக்கத்தில் இப்படித்தான் மாறும். டம்மிஃபங்ஷன் என்று எக்செல்லில் எதுவும் கிடையாது, ஆகவே அது பிழை தரும். பிழை வந்தால் காட்டவேண்டிய எண்ணாக, பதிவிறக்கிய நேரத்து விலையை இஃப்எரர் பிடித்து வைத்திருக்கும். கோப்பை அடுத்த வருடம் திறந்தாலும் அதே விலைதான் தெரியும். என்னை உலுக்கியது இந்த மௌனம்தான். பிழை என்று சிவப்பாகக் காட்டியிருந்தால் அன்றே யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். விலைப்பட்டியல் பையருக்குப் போகும் முன்பே இது கண்ணில் பட்டது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

வேறு எந்தெந்த வழிகளில் விலை இப்படி நின்றுபோகிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள்.

துபாய் சரக்குப் பிரிவு

சகோதரி, எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஷீட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நின்றுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர் டாலர்–திர்ஹாம் வரியைக் காட்டி, காலையிலிருந்து 3.67 அப்படியே நிற்கிறது, இணைப்பு போய்விட்டது என்றார். அதற்குள் ஒருவர் ஃபார்முலாவை அழித்து எழுதத் தொடங்கிவிட்டார்.

ஆனால் அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று மாறாத விலையில் டாலரோடு கட்டப்பட்டது. சவூதி ரியால் 3.75. ஓமன், பஹ்ரைன், கத்தார் நாணயங்களும் டாலரோடு கட்டப்பட்டவையே. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த கூடையோடு இணைந்திருப்பதால் லேசாக அசையும். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் ஷீட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க யூரோ அல்லது யென் வரியைப் பாருங்கள். சந்தை திறந்திருக்கும் நேரத்தில் அவை சும்மா நிற்காது.

சனி, ஞாயிறு கதை தனி. நியூயார்க்கில் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு நாணயச் சந்தை ஓய்ந்தால் மீண்டும் தொடங்குவது அங்கே ஞாயிறு மாலைதான். இந்திய நேரப்படி சனி அதிகாலையிலிருந்து திங்கள் அதிகாலை வரை எந்த ஷீட்டிலும் விலை நகராது. அந்த நாட்களில் எந்த ஃபார்முலாவிலும் கை வைக்காதீர்கள்.

சென்னை ஆடிட்டர்

எக்செல்லிலேயே வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கட்சிக்காரர் ஒருவரின் கணினியில் சில நாட்கள் விலை புதுப்பிக்கப்படும், சில நாட்கள் நிற்கும். கோப்பில் ஒரு குறையும் இல்லை. அவர் காலையில் எந்தக் கோப்பை முதலில் திறக்கிறார் என்று கவனித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ஸ்டாக் கோப்பு மிகப் பெரியது என்பதால் யாரோ அதில் கணக்கிடும் முறையை மேனுவல் என்று மாற்றிச் சேமித்திருந்தார்கள். எக்செல் அந்த அமைப்பை முதலில் திறக்கும் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகு திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அதையே பயன்படுத்தும். ஸ்டாக் கோப்பை முதலில் திறந்த நாட்களில், டாலர் விலை மாறினாலும் அதைச் சார்ந்த ரூபாய்த் தொகைகள் பழையபடியே நிற்கும். திரையின் அடிப்பட்டையில் கால்குலேட் என்ற சொல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபார்முலாஸ் பகுதியில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள், நாணய விலையை இணையத்திலிருந்து கொண்டுவரும் கரன்சி டேட்டா டைப் வசதியைப் பயன்படுத்தினால், அந்தக் கட்டத்தில் வலது சொடுக்கி அதன் ரெஃப்ரெஷ் அமைப்பையும் பாருங்கள். கையால் புதுப்பிப்பது, கோப்பைத் திறக்கும்போது புதுப்பிப்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற மூன்றில் எது இருக்கிறது என்று தெரியாமலே பலர் காத்திருக்கிறார்கள்.

விலைக்குப் பக்கத்தில் நவ் ஃபங்ஷனைப் போட்டு நேரம் காட்டும் வழக்கத்தை விட்டுவிடும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நவ் காட்டுவது கணினியின் நேரம். விலை மூன்று நாட்களாகச் செத்துக் கிடந்தாலும் பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் விலையையும் நம்பிவிடுவார். கரன்சி டேட்டா டைப்பில் கடைசியாக வர்த்தகம் நடந்த நேரம் என்று ஒரு புலம் இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அது விலையோடு சேர்ந்து வரும் நேரம்.

வருமான வரிக்கு நேரலை விலை உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வருமான வரி விதிகள் கேட்பது பாரத ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை. அதைத் தேதியோடு கையால் அடித்து, கட்டத்தைப் பூட்டி வையுங்கள். அந்த எண் நகரக் கூடாது.

யாழ்ப்பாணம்

அக்கா, எங்கள் பக்கத்து அனுபவத்தையும் எழுதுகிறேன். 2021 கடைசியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டாலர் வரி 200 இலங்கை ரூபாயை ஒட்டியே நின்றது. மத்திய வங்கி அதை அந்த அளவில் பிடித்து வைத்திருந்தது. ஷீட் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. மார்ச் 7ஆம் தேதி பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. மாவும் பருப்பும் இறக்குமதி செய்தவர்களுக்கு அந்த வாரங்களில் ஷீட்டிலிருந்த விலையால் ஒரு பயனும் இல்லை. காலையில் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து விற்பனை விலையைக் கேட்டு எழுதிக்கொண்டோம். நாணயம் ஆட்டம் காணும் காலத்தில் நான் இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

ஐரோப்பிய மத்திய வங்கியின் விலைக் கோப்பிலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க: அதில் இந்திய ரூபாய் உண்டு, இலங்கை ரூபாய் இல்லை. எங்கள் வரி காலியாக வந்தால் ஃபார்முலாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

திருப்பூர் கணக்காளர்

எல்லோருக்கும் நன்றி. ஆடிட்டர் ஐயா நவ் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஷீட்டைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் அதேதான் இருந்தது, எடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத் தம்பி சொன்ன ஐரோப்பிய மத்திய வங்கிக் கோப்பு எங்களுக்கு வேறொரு விதத்தில் கைகொடுத்தது. வேலை நாட்களில் ஐரோப்பிய நேரப்படி மாலை நான்கு மணி அளவில் அது புதுப்பிக்கப்படுகிறது. யூரோவுக்கு எத்தனை ரூபாய், யூரோவுக்கு எத்தனை டாலர் என்ற இரண்டையும் எடுத்து வகுத்தால் டாலர்–ரூபாய் விலை கிடைத்துவிடும். அதைக் கூகுள்ஃபைனான்ஸ் விலைக்குக் கீழே வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி அமைத்தேன்.

அந்தக் கோப்புக்குள்ளேயே விலையின் தேதியும் இருக்கிறது. அதைத் தேதியாக மாற்றி ஒரு கட்டத்தில் வைத்து, இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபங்ஷனிலிருந்து கழித்து, மூன்று நாட்களுக்கு மேல் போனால் விலைப்பட்டியலின் தலைப்பு வரி முழுவதும் சிவப்பாகும்படி செய்திருக்கிறேன். யாராவது ஷீட்டைப் பதிவிறக்கினால் விலையும் தேதியும் சேர்ந்தே உறைந்துவிடும். ஆனால் டுடே எக்செல்லிலும் ஓடும், ஆகவே பழைய நகலை யார் திறந்தாலும் முதல் பக்கமே சிவப்பாகத் தெரிகிறது. ஈஸ்டர் விடுமுறையில் அந்த வங்கி வெள்ளியும் திங்களும் விலை வெளியிடாது என்பதால் சரியான ஷீட்டிலும் சிவப்பு வரும். செவ்வாய் இரவு தானாகப் போய்விடும்.