கலைச்சொல்: விதைமணி, கொட்டைமணி, தாவர அணி

வணக்கம்.

குன்றிமணி மாலை, மஞ்சாடி வளையல், சிரட்டைத் தோடு எல்லாவற்றையும் சேர்த்து "இயற்கை நகை" என்று நம் கலைச்சொல் கையேட்டில் போட்டுவிடலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. முத்தும் பவளமும் பொன்னும் இயற்கையில் கிடைப்பவைதானே? அதோடு, யாழ்ப்பாணத்தில் நகை என்றால் பவுண், அதாவது தங்கம்தான் நினைவுக்கு வரும். நல்லூர்த் திருவிழாக் கடையில் விதைமாலையைக் காட்டி நகை என்றால், வாங்க வந்தவருக்கு அந்தச் சொல் ஒட்டாது. "தாவர அணி" என்று வைப்போம். பனங்குருத்தோலையில் செய்யும் காதணியும் இதற்குள் வந்துவிடும். தோடு, ஓலை என்று காதணிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்களே பனையிலிருந்து வந்தவை என்பதால், ஓலையை வெளியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

அடுத்தது "விதைமணி". ஆங்கிலத்தில் இதற்கு நேரான "seed bead" என்ற பெயர் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் குறிக்கிறது. அதை அப்படியே பெயர்த்தால் கண்ணாடிக்கு விதை என்று பேராகிவிடும். எங்களிடம் பாசிமணி இருக்கிறது, கண்ணாடிக்கு அது போதும். விதைமணி உண்மையான விதைக்கே இருக்கட்டும்.

ஆனால் கோர்க்கிற எல்லாமே விதை இல்லை. குன்றிமணி, மஞ்சாடி, கழற்சி, கல்வாழை ஆகியவை விதைகள். உருத்திராட்சம் அப்படியல்ல. அது பழத்தின் சதைக்குள் இருக்கும் கடினமான உள்ளோடு, விதைகள் அதற்கும் உள்ளே இருக்கின்றன. ஊரில் அதை உருத்திராட்சக் கொட்டை என்பது மிகச் சரியான பேச்சு. ஆகவே இந்த வகைக்குக் "கொட்டைமணி" என்று முன்மொழிகிறேன். தேங்காய்ச் சிரட்டையும் உள்ளோடுதான், அதனால் சிரட்டையில் அறுத்துக் கடைந்த மணியும் இதில் சேரும். துளசிமணி இரண்டிலும் அடங்காது, அது செடியின் தண்டுக்கட்டையில் கடைவது. அதற்குத் "தண்டுமணி" என்று போடலாம். மூன்றுக்கும் பொதுவாகத் "தாவரமணி". "நிலைத்திணைமணி" என்று ஒருவர் எழுதியிருந்தார்; நிலைத்திணை என்றால் தாவரம். அழகான சொல்தான், ஆனால் மணி கோர்க்கும் பெண்களின் வாயில் அது புழங்கும் என்று நான் நம்பவில்லை.

பொதுச்சொல் கிடைத்துவிட்டது என்று விதையின் சொந்தப் பெயரை விட்டுவிடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உடலின் உயிரணுக்கள் புரதம் ஆக்குவதையே அது தடுத்துவிடும். முழு விதையின் ஓடு கெட்டியானது. மாலைக்காகத் துளையிட்டதும் அந்தக் காப்புப் போய்விடுகிறது. குழந்தை கடித்தாலோ விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து, துளையிடும்போது பறக்கும் தூளும் கெடுதல். மஞ்சாடியில் இந்த நஞ்சு இல்லை, ஆனாலும் அதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. சிக்கல் என்னவென்றால், மஞ்சாடிக்கு ஆனைக்குன்றிமணி என்ற பெயரும் உண்டு. பெயரிலேயே இரண்டும் குழம்பிவிடும். பொற்கொல்லர்கள் இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பொன்னை நிறுத்த காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமிருக்கவில்லை. கையேட்டில் "மஞ்சாடி" என்று மட்டும் எழுதுவோம். கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி, முழுச் சிவப்பாகவும் பெரிதாகவும் இருந்தால் மஞ்சாடி என்று பக்கத்திலேயே குறிப்பும் வேண்டும்.

கொட்டைமணி என்ற சொல்லில் யாருக்காவது தயக்கம் இருந்தால் எழுதுங்கள். "ஓட்டுமணி" என்றும் யோசித்தேன், ஆனால் அது சிப்பி, சோகி ஓடுகளையும் இழுத்துக்கொண்டு வரும் என்பதால் விட்டுவிட்டேன்.