முதலாளி வீட்டுக்குப் போன ஃபேன்: ரொக்கக் கணக்கு 8,850 ரூபாய் உதைக்கிறது

புதுக்கணக்கர்:
வணக்கம். எலக்ட்ரிக்கல் கடையில் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி ஒருவர்தான், பங்குதாரர் கிடையாது. இந்த மாதம் அவருடைய புது வீட்டுக்குக் கடையிலிருந்து மூன்று சீலிங் ஃபேன் போனது. கவுண்டரில் இருந்த பையன் அதைக் கேஷ் சேல்ஸ் பில்லாகப் போட்டுவிட்டான்: 7,500, ஜிஎஸ்டி 1,350, ஆக 8,850. இப்போது கல்லாவில் எண்ணிப் பார்த்தால் டேலி காட்டுவதைவிட அதே 8,850 குறைகிறது. ஆனால் டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் பட்டியல்) பொருந்துகிறது. எப்படிச் சரிசெய்வது?

கடைவீதி:
8,850-ஐ ஆபீஸ் செலவில் எழுதி விடுங்கள். கல்லா நேராகிவிடும்.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:
அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. வீட்டு ஃபேன் கடைச் செலவாகாது, வருமான வரிக் கணக்கில் அதைக் கழிக்கவும் முடியாது. டிரையல் பேலன்ஸை நம்பி உட்காராதீர்கள். டெபிட்டும் கிரெடிட்டும் ஒரே தொகையாக இருந்தால் அது பொருந்தத்தான் செய்யும், தப்பான கணக்கில் ஏறியிருந்தாலும்கூட.

இங்கே விற்பனையே நடக்கவில்லை. முதலாளி சரக்காக எடுத்திருக்கிறார், அது டிராயிங்ஸ், அதாவது முதலாளி தன் சொந்தத்துக்குக் கடையிலிருந்து எடுப்பது. அதையும் விற்பனை விலையில் எழுதக் கூடாது, வாங்கின விலையில்தான் எழுத வேண்டும். என்ன விலைக்கு வாங்கினீர்கள்? ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், போட்டாயிற்றா?

புதுக்கணக்கர்:
ஒன்று 2,000, மேலே 18% ஜிஎஸ்டி. அந்த வரிக்கு இன்புட் (வாங்கும்போது கட்டின வரிக்கான கழிவு) எடுத்தாயிற்று. ரிட்டர்ன் இன்னும் போடவில்லை சார்.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:
நல்லவேளை. முதலில் அந்த பில்லை ஆல்ட்+எக்ஸ் கொடுத்து கேன்சல் செய்யுங்கள். ஆல்ட்+டி கொடுத்து அழித்தால் பில் எண் வரிசை குழம்பிவிடும். கேன்சலான பில்லை ஜிஎஸ்டிஆர்-1-இல் ஆவண விவரப் பகுதியில் காட்டிவிடுங்கள். அப்புறம் எஃப்7 ஜர்னலில்:

டிராயிங்ஸ் – டெபிட் 7,080
கொள்முதல் – கிரெடிட் 6,000
இன்புட் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) – கிரெடிட் 540
இன்புட் எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) – கிரெடிட் 540

நரேஷனில், அதாவது விளக்கக் குறிப்பில், ‘முதலாளி சொந்த உபயோகத்துக்கு 3 சீலிங் ஃபேன்’ என்று எழுதுங்கள். சொந்த உபயோகச் சரக்குக்கு இன்புட் கிடையாது, சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5). அதனால் வரி கட்டும் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் 4(பி)(1)-இல் அந்த 1,080-ஐத் திருப்பிக் காட்ட வேண்டும். பலர் ஜர்னலோடு நிறுத்திவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

புதுக்கணக்கர்:
கல்லா சரியாகிவிட்டது சார்! ஆனால் ஸ்டாக்கில் அந்த மூன்று ஃபேனும் திரும்ப வந்து நிற்கின்றன.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:
பில் கேன்சலானதும் சரக்கு இருப்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் போட்ட ஜர்னல் பணக் கணக்கை மட்டும்தான் தொடும், எண்ணிக்கையைத் தொடாது. ஆல்ட்+எஃப்7 ஸ்டாக் ஜர்னலில் வெளியே போகும் பக்கம் மட்டும் மூன்று ஃபேன் போடுங்கள், எதிர்ப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

கடைவீதி:
பங்குதாரர் கடையாக இருந்தால்?

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:
எடுத்த பங்குதாரரின் பெயரிலேயே டிராயிங்ஸ். பிரைவேட் லிமிடெட் என்றால் கதையே வேறு, அங்கே டிராயிங்ஸ் என்ற பேச்சே கிடையாது. ஆடிட்டரைக் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள்.

புதுக்கணக்கர்:
முதலாளி பின்னால் அந்தப் பணத்தைக் கல்லாவில் போட்டால் விற்பனையில் காட்டலாமா சார்?

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:
கூடாது. எஃப்6 ரசீதில் ரொக்கம் டெபிட், டிராயிங்ஸ் கிரெடிட்.