புதுப்பிப்பு: அப்பா 2 லிட்டரையும் குடித்துவிட்டார்

கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முன் குடலைச் சுத்தம் செய்யும் 2 லிட்டர் மருந்தை அப்பாவை எப்படிக் குடிக்க வைப்பது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்; ஒருவர் இளநீர் யோசனை சொல்லியிருந்தார். நேற்று பரிசோதனை நல்லபடியாக முடிந்தது.

மாலையில் முதல் லிட்டரை மடமடவென்று குடித்ததில் குமட்டி, ஒரு டம்ளர் அப்படியே வெளியே வந்துவிட்டது. அரை மணி நேரம் விட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று கொடுத்தேன். அப்புறம் சிரமமே இல்லை. மீதி லிட்டர் விடிகாலை 4 மணிக்கு. அந்த இரண்டாம் பாதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்; இரவில் சிறுகுடலிலிருந்து இறங்குவதை அதுதான் கழுவுகிறது. கடைசியாகப் போனது வெளிர்மஞ்சள் தண்ணீர் மட்டும், ஒரு துகள்கூட இல்லை.

டாக்டர் சின்ன பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரள்) ஒன்றை எடுத்து பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பியிருக்கிறார். அந்த இளநீர் யோசனை சொன்னவருக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.